கழிவுநீரும் நெய்வேலி மண்ணும்

வீட்டுக் கழிவுநீரை அளவறிந்து நிலத்தில் பாய்ச்சி, மண்ணும் நுண்ணுயிரும் பயிரும் சேர்ந்து அதைத் தூய்மை செய்ய விடுவதே நிலவழிச் சுத்திகரிப்பு. அளவறிந்து என்ற சொல்லை எடுத்துவிட்டால் எஞ்சுவது சாக்கடையை வயலில் திருப்பிவிடும் வேலைதான்.

கழிவுநீரில் மிதக்கும் துகள்களை மேல்மண் வடிகட்டுகிறது. கரைந்துள்ள கரிமப் பொருளை மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் உண்டு தீர்க்கின்றன. இதில் பெரும்பகுதி மேலாக உள்ள சில அங்குல ஆழத்திலேயே முடிந்துவிடும். மணிச்சத்தைச் செம்மண்ணின் இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன. தழைச்சத்தைப் பயிர் எடுத்துக்கொள்கிறது. இத்தனைக்கும் மண்ணுக்குள் காற்று புக வேண்டும். ஓயாமல் நீர் நின்றால் மண்ணின் துளைகள் அடைபட்டு நாற்றம் எழும். நெல் உழவர் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கும் தவறாத விதி.

பாய்ச்சும் முறைகள் மூன்று. பயிருக்கு நீர் விடுவதுபோல் மெதுவாகப் பாய்ச்சுவது ஒன்று; மணற்பாங்கான பள்ளங்களில் விரைவாக ஊறவிடுவது மற்றொன்று; நீர் எளிதில் இறங்காத களிமண் சரிவில் புல்லின் ஊடே வழிந்தோட விடுவது இன்னொன்று. நெய்வேலிக்குப் பொருந்துவது முதலாவதே. விரைந்து ஊறும் முறையில் தழைச்சத்தைப் பிடிக்கப் பயிர் இல்லை என்பதே காரணம்.

பழைய பண்ணைகள் இருவகைப் பாடமும் தருகின்றன. மெல்போர்ன் நகரம் 1897 முதல் வெரிபீ சமவெளியில் கழிவுநீரைப் புல்வெளிகளில் பாய்ச்சி ஆடுமாடு மேய்த்தது. பெர்லினில் 1870களில் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த பாசனப் பண்ணைகள் ஒரு நூற்றாண்டு உழைத்தன. ஆனால் ஆலைக் கழிவும் கலந்ததால் அம்மண்ணில் கன உலோகங்கள் தங்கிவிட்டன. தமிழ்நாட்டில் மதுரை அவனியாபுரம் கழிவுநீர்ப் பண்ணை 1920களிலிருந்தே தீவனப் புல் வளர்த்து நகரத்துக் கறவை மாடுகளுக்குக் கொடுத்தது. நகரம் பெருத்த அளவுக்கு நிலம் பெருகாததே இத்தகைய பண்ணைகள் பலவற்றுக்கும் நேர்ந்த இடர்.

நெய்வேலியின் நிலை தனியானது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியபின் எழுந்த இந்நகரியம் செம்மண்ணின் மேல் நிற்கிறது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தம் குறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். மேலடுக்கு நீரோ சுற்றுக் கிராமத்துக் கிணறுகளுக்கு உரியது. நிலத்தில் விட்ட கழிவுநீர் தவறினால் முதலில் கெடுவது அந்தக் கிணறுகளே.

ஆகவே கணக்கைப் பார்க்க வேண்டும். சுமார் 9,000 பேர் வாழும் குடியிருப்பிலிருந்து நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் கழிவுநீர் வருவதாகக் கொள்வோம். வாரத்துக்கு 5 சென்டிமீட்டர் வீதம் பாய்ச்சினால் 14 ஹெக்டேர் போதும் என்று நீர்க்கணக்கு சொல்லும். லிட்டருக்கு 40 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால் ஆண்டுக்கு 14,600 கிலோ சேரும். அடிக்கடி அறுக்கும் தீவனப் புல் ஹெக்டேருக்கு 400 கிலோ எடுப்பதாக வைத்தால் தேவைப்படுவது ஏறத்தாழ 36 ஹெக்டேர். ஒரு பகுதி தழைச்சத்து வாயுவாக வெளியேறும் என்பதால் இது சற்றுக் குறையலாம். ஆனால் 14 ஆகிவிடாது. மிஞ்சுவது நைட்ரேட்டாகக் கீழிறங்கும். குடிநீரில் அதற்கு இந்தியத் தரம் வைத்த எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் முதல் எண்ணோடு நின்றுவிடுவது வருந்தத்தக்கது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஏற்கெனவே நனைந்திருக்கும். அப்போது பாய்ச்ச இடமில்லை. மேற்கூறிய குடியிருப்பின் ஒரு மாத நீரை 2 மீட்டர் ஆழத்தில் தேக்க 1.5 ஹெக்டேர் குளம் வேண்டும். இது வீண்செலவன்று. குளத்தில் தங்கும்போது புழு முட்டைகள் அடியில் படிந்துவிடும். 1970களில் இந்தியக் கழிவுநீர்ப் பண்ணைத் தொழிலாளரை ஆராய்ந்தபோது கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் பிறரைவிட அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. வெறுங்காலோடு சேற்றில் நிற்பவருக்குச் செருப்பும் கையுறையும் திட்டச் செலவிலேயே சேர வேண்டியவை.

பயிர்த் தேர்வு எளிது. கீரையும் தக்காளியும் கூடாது; பச்சையாக உண்ணாத தீவனப் புல்லும் சவுக்கும் ஏற்றவை. முந்திரிக்கு இப்பகுதி பெயர்பெற்றதுதான், ஆயினும் நீர் தேங்கினால் அது தாங்காது. சுரங்கத்திலிருந்து வெட்டிக் குவித்த மண்மேடுகள் கரிமச்சத்து இல்லாதவை; அங்கே கழிவுநீர் உரமாகவும் பயன்படும். சரிவில் வழிந்தோடாதபடி வரப்பு கட்டுவது மட்டும் கட்டாயம். அனல்மின் நிலையச் சாம்பல் நீர் எவ்வழியிலும் இதில் கலக்கக் கூடாது. பெர்லின் அதற்குச் சான்று.

இக்கருத்தரங்கில் படிக்கப்படும் கட்டுரை ஒவ்வொன்றும் நீர்க்கணக்கோடு தழைச்சத்துக் கணக்கையும், அருகிலுள்ள கிணறுகளின் நைட்ரேட் அளவையும் சேர்த்தே அவைமுன் வைக்குமாறு வேண்டப்படுகிறது.