ஆடுகளத்தில் எலும்பு முறிந்தால்



கல்கத்தாவில் 1873-ஆம் ஆண்டு ரக்பி ஆட்டத்திற்கென வெள்ளையர்கள் ஒரு கழகம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே அது கலைந்தது. கணக்கில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, மூன்று நாகங்களைக் கைப்பிடியாகவும் ஒரு யானையை மூடியிலும் கொண்ட கோப்பையொன்றைச் செய்வித்து, இங்கிலாந்து ரக்பி சங்கத்திற்கு அளித்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காக ஆடி வருகின்றன.

அந்நகரில் ரக்பி இன்றும் ஆடப்படுகிறது. அங்கே குடியேறிய நம் நண்பர் ஒருவரின் மகன், ஞாயிற்றுக்கிழமை ஆட்டமொன்றில் தோளெலும்பை முறித்துக்கொண்டான். வேலையின் பொருட்டு நேர்ந்த ஊறு அன்று. ஆகவே, 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் அவனுக்கு உதவவில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தவனாயிருந்தால், ஆட்டத்தில் பட்ட காயமாயினும் சிகிச்சை கிடைத்திருக்கும். உரிய சந்தா செலுத்தியிருப்பின், ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் நூற்றுக்கு 70 வீதம் நோய்க்கால உதவியும் பெற்றிருப்பான். அவன் ஊதியமோ அதற்குரிய வரம்பைக் கடந்திருந்தது. விபத்துக் காப்பீட்டுப் பத்திரம் ஒன்று இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அல்லவா என்று அதை நம்மிடம் நீட்டினார்கள். உள்ளே, பொடியெழுத்தில், அபாயகரமான விளையாட்டுகளால் நேரும் காயம் நீங்கலாக என்றொரு வரி! பத்திரங்களோடு மாரடித்தே தலை நரைத்த நமக்கே அது இரண்டாம் முறை படிக்கையில்தான் கண்ணிற் பட்டது.

அமெச்சூர் என்னும் சொல்லுக்குத் தமிழ் தேடி நாம் திண்டாடியதுண்டு. பணம் பெறாமல் ஆடுபவர் என்று விரித்தெழுதிவிட்டு அமைதி அடைந்தோம். பணம் பெறாதவருக்கு முதலாளி இல்லை. முதலாளி இல்லாத இடத்தில் இழப்பீட்டை யாரிடம் கேட்பது? சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

வேல்ஸ் நாட்டில் 1998-இல் நடந்ததைக் கேளுங்கள். ரக்பியில் ஸ்கிரம் என்பது, பக்கத்திற்கு எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து குனிந்து, எதிரணியை முட்டித் தள்ளுவது. முன்வரிசையில் நிற்பவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அன்று ஓர் அணியின் முன்வரிசைக்காரர் காயமுற்று வெளியேறினார். அவ்விடத்திற்குப் பயிற்சி பெற்ற மாற்றாள் இல்லை. அந்நிலையில் தள்ளுமுள்ளு இல்லாத ஸ்கிரம்தான் நடைபெற வேண்டும் என்பது விதி. நடுவரோ முடிவை அணித்தலைவரிடமே விட்டுவிட்டார். ஆட்டம் முடியுந் தறுவாயில் ஓர் இளைஞருக்குக் கழுத்தெலும்பு பிசகி, கைகால்கள் செயலிழந்தன. 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நடுவர் கடமை தவறினார் என்றே தீர்த்தது. பொறுப்பு அவரை நியமித்த வேல்ஸ் ரக்பி சங்கத்தின் தலையில் விழுந்தது. காயத்திற்கும் தீர்ப்புக்கும் இடையே ஐந்தாண்டு! நடுவரும் ஊதியம் பெறாதவரே. பிழை எவரிடமும் இல்லாதிருந்தால், அவ்விளைஞருக்கு வழக்காடி ஒரு காசும் கிடைத்திராது. இதைத்தான் நாம் பெருங்குறை என்கிறோம்.

ரக்பியைத் தேசிய ஆட்டமாகவே போற்றும் நியூஸிலாந்து வேறு வழி கண்டது. 1967-இல் நீதிபதி உட்ஹவுஸ் தலைமையிலான விசாரணைக் குழு, பிழை யாருடையது என்ற கேள்வியையே ஒதுக்கச் சொன்னது. 1974 ஏப்ரல் முதல் நாளன்று திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆலையில் விழுந்தாலும், ஆடுகளத்தில் விழுந்தாலும் சிகிச்சைக்கு உதவி உண்டு. சம்பாதிப்பவர் வேலைக்குப் போக முடியாவிடில், முதல் வாரம் நீங்கலாக, ஊதியத்தில் நூற்றுக்கு 80 வீதம் கிடைக்கும். இதற்கு ஈடாக, காயத்திற்கு நட்டஈடு கேட்டு வழக்குத் தொடுக்கும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். பணம் கொடுப்பதோடு அந்நிறுவனம் நிற்கவில்லை. ரக்பி சங்கத்தோடு சேர்ந்து, காயத்தைத் தவிர்க்கும் முறைகளைப் பயிற்சியாளர்களுக்குக் கற்பிக்கிறது. செலவு தன்னுடையது என்றால் அக்கறை தானாக வருகிறது போலும்!

நம் நாட்டில் அத்தகைய பொதுத் திட்டம் இல்லை. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில், வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்தால் மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 இலட்சம். பகுதி நிரந்தர ஊனத்திற்கு 1 இலட்சம். முறிந்து கூடிவிடும் எலும்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதில் இடமில்லை. ஆகவே, வெளிமாநிலத்தில் பிள்ளைகளைக் களத்திற்கு அனுப்பும் பெற்றோர், ஆடுபவர் அனைவருக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று கழகத்தாரைக் கேட்க வேண்டும். ஆம் என்றால், பத்திரத்தை வாங்கிப் பார்க்க வேண்டும். ரக்பி என்னும் பெயர் அதில் எந்தப் பக்கத்தில் வருகிறது, சேர்க்கையிலா விலக்கிலா என்பதே முக்கியம்.

நண்பரின் மகன் ஆறு மாதம் கழித்து மீண்டும் களம் இறங்கினான். அந்த விலக்கு வரி இல்லாத பத்திரத்திற்குப் பிரிமியம் சற்றுக் கூடுதல். தந்தை முணுமுணுத்தார்; கட்டிவிட்டார்.