கோவில் வாசலில் ஒரு சிறு பெட்டி
(ஜூபிலி ஆண்டில் பங்கு மண்டபத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி நினைவாக என்ன செய்யலாம் என்று கேட்டபோது, பலர் கெபி என்றீர்கள். சிலர் அலங்கார வளைவு என்றீர்கள். நாம் கேட்பது ஒரு சிறு பெட்டி. செயலிழந்த இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் என்னும் கருவி.

மாரடைப்பும் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. மாரடைப்பில் இரத்தக் குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலித்தாலும் ஆள் பேசிக்கொண்டிருக்கலாம். இதய நிறுத்தத்திலோ ஆள் சரிந்துவிடுகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. இடைவிட்டு வாய் பிளந்து இழுப்பதை மூச்சு என்று நம்பி ஏமாறக் கூடாது. பல வேளைகளில் இதயம் அடியோடு நின்றிராது. தாளம் கெட்டுப் புழுப்போல நெளிந்துகொண்டிருக்கும். அந்தக் குழப்பத்தை ஒரு கணம் அடக்கி, பழைய தாளத்தைப் பிடிக்க வழி செய்வதே மின்னதிர்ச்சி. உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

1965-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் டாக்டர் பேன்ட்ரிஜ் அமைத்த முதல் கருவி கார் பேட்டரியில் இயங்கியது. எடை சுமார் 70 கிலோ. இன்றைய கருவியை ஒரு கையால் தூக்கலாம். அதுவே குரல் கொடுத்து வழி சொல்லும். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகன் மைதானத்தில் விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சனை நெஞ்சை அழுத்தியும் மின்னதிர்ச்சி கொடுத்துமே மீட்டார்கள். மறு ஆண்டே அவர் மீண்டும் ஆடினார்.

விழுந்தவரைச் சுற்றி நின்று விசிறுவதும் தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். ஒருவர் கருவிக்கு ஓடட்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டங்குலம் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தட்டும். கருவி வந்ததும் அதை இயக்கி, சட்டையை விலக்கி, வியர்வையைத் துடைத்து, ஒரு பட்டையை வலப்பக்கக் காறை எலும்பின் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாவிலும் ஒட்டவேண்டும். உத்தரியமோ சங்கிலியோ குறுக்கே கிடந்தால் ஒதுக்கிவிடுங்கள். பெண்ணாயிற்றே என்று தயங்க வேண்டாம். நாலு பெண்கள் முந்தானையால் மறைத்து நிற்கலாம். தாளத்தைப் பார்த்துத் தேவையானால்தான் கருவி அதிர்ச்சிக்கு இடம் கொடுக்கும். ஆகவே கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். அதிர்ச்சியின்போது எவரும் அவரைத் தொடக்கூடாது. முடிந்தவுடனே மறுபடியும் அழுத்துங்கள்.

இன்னொன்று. யாராவது விழுந்தால், அவஸ்தைப்பூசுதலுக்கென்று முதலில் சாமியாரைத் தேடி ஓடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. நாம் கட்டாயம் வருவோம். ஆனால் சாமியார் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். அழுத்துகிறவர் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். நாம் ஓரமாக நின்று பூசிக்கொள்கிறோம்.

பெட்டியை அலுவலகத்தில் பூட்டி வைத்தால் திருவிழா இரவில் சாவியைத் தேடவேண்டி வரும். வாசலருகே பூட்டில்லாமலே இருக்கட்டும். களவு போகும் என்கிறார்கள். இத்தனை ஆண்டு உண்டியலைக் காத்தவர்களுக்கு இதைக் காக்கத் தெரியாதா? பேட்டரிக்கும் பட்டைகளுக்கும் காலக்கெடு உண்டு. மாதந்தோறும் பார்க்க இரண்டு இளைஞர்கள் வேண்டும். பயிற்சிக்கு வர விரும்புவோர் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோவில்பிள்ளையிடம் பெயர் கொடுங்கள்.