பென்னிகுவிக் என்னும் பெயர்

(ஜூபிலி விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை இன்று மண்டபத்து மேசைமீது காட்சிக்கு வைத்திருக்கிறோம். காலையிலிருந்து பலரும் தங்கள் பாட்டன் பூட்டன் பெயரைத் தேடிப் பார்த்து மகிழ்ந்தீர்கள். அதையொட்டி, பெயர்களின் சரித்திரத்தைப் பற்றிச் சிறிது பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எல்லாப் பெயர்களையும் பற்றிப் பேசினால் இரவு அசன விருந்து ஆறிப்போகும். ஆகவே ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்கிறேன். அது நம்முடைய பெயரன்று. பிரிட்டனின் வடபகுதியில் பிறந்த பெயர். அதன் சொந்த நாட்டிலேயே அபூர்வமானது. ஆனால் நமது கம்பம் பள்ளத்தாக்கில் அதை அறியாத குழந்தை இல்லை. பென்னிகுவிக் என்பதே அந்தப் பெயர்.

அந்தப் பதிவேடுகளில் ஒன்றில் ஓரத்திலே சிவப்பு மையால் எழுதிய திருத்தம் ஒன்று இருக்கிறது. சிலர் அதைப் பார்த்துவிட்டு, "சாமி, இது என்ன?" என்று கேட்டீர்கள். அந்தக் கதையைக் கடைசியில் சொல்லுகிறேன். அது என் தவறின் கதை.

முதலில் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகப் போட்டுக்கொள்கிறோம். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடுகிறது. பிரிட்டனிலோ குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. அது தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று இறங்கிக்கொண்டே வரும். இந்தப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் உண்டாயின. ஜானின் மகன் ஜான்சன். இது தந்தை வழி. கொல்லன் ஸ்மித், இது தொழில் வழி. நிறத்தையோ உருவத்தையோ பார்த்து வைத்தது பிரவுன் போன்ற பெயர். நான்காவது வழி ஊர்ப் பெயர். பென்னிகுவிக் இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது.

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 10 மைல் தொலைவில், வடக்கு எஸ்க் என்னும் சிற்றாற்றின் கரையில், அந்த ஊர் இருக்கிறது. பென்ட்லண்ட் குன்றுகள் அதற்கு அருகிலேயே உள்ளன. நெடுங்காலம் காகித ஆலைகளால் பேர்பெற்ற ஊர். அந்தப் பெயரோ ஆங்கிலச் சொல்லன்று. ஆங்கிலம் அந்தப் பக்கம் வருவதற்கு முன்னே அங்கு வாழ்ந்த மக்கள், இன்றைய வெல்ஷ் மொழிக்கு உறவான ஒரு பழைய மொழியைப் பேசினார்கள். அந்த மொழியிலே 'பென்' என்றால் தலை, உச்சி, குன்று. 'கோக்' என்றால் குக்கூப் பறவை. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். குக்கூ கூவும் குன்று! நம் வழக்கிலே சொன்னால் குயில்குன்று.

இதைக் கேட்டு, "அப்படியானால் குவிக் என்பதும் குயில் என்பதும் ஒரே சொல்தானே!" என்று நாளைக்கே யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம். இரண்டு மொழிக்கும் அப்படி உறவில்லை. பறவை கூவுகிறது, கேட்டவர் கேட்டபடி பேர் வைக்கிறார். அங்கே அது 'கோக்' ஆயிற்று. ஆனால் பறவைகள் இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது மெய்தான். இரண்டும் அடுத்தவர் கூட்டிலே முட்டையிட்டுவிட்டுப் போகிறவை. நமக்குக் குயிலைப் போல, அவர்களுக்குக் குக்கூதான் வசந்த காலத்தின் தூதன். ஆப்பிரிக்காவிலிருந்து பறந்து ஏப்ரல் மாதத்தில் வந்து சேரும். அந்தப் பழைய மொழியைப் பேசியவர்கள் மறைந்தார்கள். மொழியும் அங்கே மறைந்தது. அவர்கள் என்றோ ஒரு வசந்தத்தில் காதால் கேட்ட கூவல் மட்டும் ஒரு பெயருக்குள் தங்கிவிட்டது.

13ஆம் நூற்றாண்டிலேயே அந்த ஊர்ப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்ட மனிதர்களைப் பத்திரங்களில் காண்கிறோம். அவர்கள் நிலக்கிழார்கள், நிலத்தின் பெயரே அவர்கள் பெயராயிற்று. சாதாரண மக்களுக்கு இந்தப் பெயர் எப்படி வந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள். கம்பத்திலே இருக்கிறவரை யாராவது "கம்பத்தார்" என்று அழைப்பார்களா? மதுரைச் சந்தைக்குப் போய்க் கடை போட்டால்தான் அவர் "கம்பத்தார்" ஆவார். ஊர்ப் பெயர் ஊரைவிட்டுப் போனவனுக்கே ஒட்டும். ஆகையால் பென்னிகுவிக் என்று பேர் கொண்ட பலருடைய முன்னோர், அந்தக் குன்றைவிட்டு வெளியேறியவர்கள் என்று எண்ணலாம்.

நிலக்கிழார்களுக்கும் அந்த நிலம் நிலைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பண்ணை அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. அந்த நூற்றாண்டின் நடுவிலே, பாரிஸ் நகரில் வாணிபம் செய்து பொருளீட்டிய ஜான் கிளார்க் என்பவர் அதை வாங்கினார். மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கணக்குக்குள் கொண்டுவந்த பெரும் விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இந்தக் கிளார்க் குடும்பத்து வழியில் வந்தவரே. நிலம் கிளார்க் குடும்பத்துக்கு. பெயர் மட்டும் பழைய குடும்பங்களுக்கு என்று ஆகிவிட்டது. 1652 முதல் 1722 வரை வாழ்ந்த அலெக்சாந்தர் பென்னிகுவிக் என்ற வைத்தியர், அந்த ஊருக்குத் தெற்கேயுள்ள ட்வீட் ஆற்றுப் பகுதியைப் பற்றி எழுதிய வருணனை நூல் 1715இல் வெளிவந்தது. செடி கொடிகளைத் தேடி மலை மலையாக அலைந்தவர் அவர்.

இனி எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பெயரைப் பென்னிகுவிக் என்றும் பென்னிகுயிக் என்றும் நாம் எழுதுகிறோம். அந்த ஊர்க்காரர் அதைக் கேட்டால் திகைப்பார். அவர்கள் வாயில் அது 'பென்னிகுக்'. பழைய ஸ்காட்டியர் சில உயிரொலிகளைக் குறிக்க 'யு' எழுத்தையும் 'ஐ' எழுத்தையும் சேர்த்து எழுதுவார்கள். 'புக்' என்னும் புத்தகத்தைக்கூட அப்படித்தான் எழுதினார்கள். அது தெரியாதவர் இரண்டு எழுத்தையும் தனித்தனியே உச்சரித்துக் குவிக் என்றோ குயிக் என்றோ வாசிக்கிறார்.

அவர்களுக்குள்ளேயே இந்தப் பெயரை ஐந்தாறு விதமாக எழுதுவதுண்டு. ஏன்? எழுதியவர்கள் நம்மைப் போன்ற கோவில்காரர்கள்! இங்கிலாந்திலே 1538இல் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று தாமஸ் குரோம்வெல் கட்டளையிட்டார். இது புதிய வரிக்கு முன்னோட்டமோ என்று மக்கள் பயந்தார்கள். நமது திருச்சபையிலே திரிதெந்தீன் சங்கம் 1563இல் ஞானஸ்நானம், திருமணம் இரண்டையும் எழுதிவைப்பதை எங்கும் கடமையாக்கியது. ஸ்காட்லாந்தில் இன்றுள்ள பதிவேடுகளில் மிகப் பழையது எரோல் என்னும் ஊரில் 1553இல் தொடங்கியது. ஏர் உழுகிறவன் வந்து பேர் சொல்லுவான். அவனுக்கு எழுதத் தெரியாது. கணக்கர் காதில் விழுந்தபடி எழுதுவார். ஓர் அண்ணன் பிள்ளைகள் ஒரு விதமாகவும் தம்பி பிள்ளைகள் வேறு விதமாகவும் ஆகிவிடுவதுண்டு. அரசாங்கம் பிறப்பு இறப்புப் பதிவைத் தானே ஏற்று நடத்தியது இங்கிலாந்தில் 1837இல், ஸ்காட்லாந்தில் 1855இல். அதற்குப் பிறகே எழுத்து ஒருவாறு நிலைத்தது. ஒலிக்கேற்ப எழுதும் 'பென்னிகுக்' குடும்பங்களே எண்ணிக்கையில் அதிகம்; பழைய எழுத்தைக் காத்துக்கொண்ட குடும்பங்கள் மிகச் சில.

இந்தப் பெயர் ஏன் அபூர்வமாயிற்று? கொல்லன் எல்லா ஊரிலும் இருந்தான். ஆகவே ஸ்மித் எங்கும் முளைத்தான். பெனிகுக் என்ற ஊரோ ஒன்றே ஒன்றுதான். ஊற்று ஒன்று, ஓடை சிறியது. மேலும் அங்கே பெண் மக்கள் திருமணமானதும் கணவர் குடும்பப் பெயருக்கு மாறுவது வழக்கமாக இருந்தது. ஆண் பிள்ளை இல்லையென்றால் பெயர் நின்றுவிடும். பெயர்கள் இப்படி அழிவதைப் பற்றி 1873இல் பிரான்சிஸ் கால்டன் என்ற அறிஞர் ஒரு கேள்வி எழுப்பினார். விடை காண முயன்றவர் ஹென்றி வாட்சன். கணிதம் வல்ல ஆங்கிலிக்கன் குருவானவர். தலைமுறைகள் செல்லச் செல்ல எல்லாப் பெயரும் அழிந்துவிடும் என்று அவர் முடிவுகட்டினார். அவர் கணக்கில் பிழை இருந்ததென்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். என்றாலும் கேள்வி நல்ல கேள்வியே. சிறிய குலத்தின் பெயர் எளிதில் அணைந்துபோகும் என்பது உண்மைதான். 2000ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பிரயன் சைக்ஸ், தம்முடைய பெயரே கொண்ட ஆண்களின் மரபணுவைச் சோதித்தார். சைக்ஸ் என்றால் சிற்றோடை. முன்பின் அறியாத அந்த ஆண்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஒரே தகப்பன் வழியில் வந்தவர்கள் என்று தெரிந்தது.

பென்னிகுவிக் என்ற பெயரை இன்று வரைபடத்தில் தேடினால், முதலாவது ஸ்காட்லாந்தின் கிழக்குப் பகுதியிலே, தாய்க்குன்றைச் சுற்றியே காண்போம். பிறகு பிழைப்புக்கும் படைக்கும் போனவர்களோடு இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா என்று சிதறிக் கிடக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் காலின் பென்னிகுவிக் என்றொரு பேராசிரியர் இருந்தார், 2019இல் மறைந்தார். அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தது எதை என்று நினைக்கிறீர்கள்? பறவைகள் பறக்கும் விதத்தை! கிழக்கு ஆப்பிரிக்காவில் கழுகுகளோடும் நாரைகளோடும் தாமே கிளைடரில் பறந்து பார்த்தவர். குக்கூவின் பெயரைச் சுமந்தவருக்கு ஏற்ற வேலைதான்.

படைக்குப் போனவர்களில் ஒரு குடும்பம் நமக்கு வேண்டியது. பிரிகேடியர் ஜான் பென்னிகுவிக் 1849 ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபில் சில்லியன்வாலாப் போர்க்களத்தில் மாண்டார். அவருடைய 17 வயது மகன் அலெக்சாந்தரும் தகப்பனின் உடலைக் காத்து நின்று அதே களத்தில் விழுந்தான். இன்னொரு மகன், 1841 ஜனவரி 15இல் பூனாவில் பிறந்தவன், தகப்பன் பெயரையே கொண்ட ஜான். எட்டாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு அவன் தகப்பனையும் அண்ணனையும் ஒருசேர இழந்தான். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் பொறியாளராகி, 1887இல் தொடங்கி 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தார். மேற்கே ஓடிய தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். காய்ச்சலிலும் காலராவிலும் அந்தக் காட்டில் மாண்ட கூலியாட்கள் எத்தனையோ பேர்; அவர்கள் பெயர் நம் நாவில் இல்லை. இந்த நன்றியைச் சொல்லும்போது அவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கர்னல் பென்னிகுவிக்குக்கு ஐந்து பெண்கள், ஒரே மகன். மகன் இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்து 1982இல் காலமானார். தந்தையின் பெயர் அங்கே ஒரே இழையில் நின்றது. இங்கேயோ ஊரூராய்ப் பரவிற்று. பாலார்பட்டியில் தைப்பொங்கலை அவர் பேரால் கொண்டாடுகிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். அவர் கடைசியில் வாழ்ந்த கேம்பர்லி நகரில் 2022இல் தமிழ்நாடு அரசே சிலை வைத்தது. எல்லாவற்றிலும் பெரியது, நம் மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை இட்டதுதான்.

இப்போது அந்தச் சிவப்பு மைக்கு வருகிறேன்.

1999ஆம் ஆண்டு நான் இதே பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். குருப்பட்டம் பெற்று ஓராண்டுகூட ஆகவில்லை. ஒரு விவசாயி ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்து, "பென்னிகுவிக்னு எழுதுங்க சாமி" என்றார். "அப்படி ஒரு புனிதர் இல்லையே அப்பா" என்றேன். "புனிதரு இல்லைங்க சாமி. எங்க வயலுக்குத் தண்ணி கொடுத்த மவராசன்" என்றார். நான் குருமடத்திலே படித்த மிடுக்கில், பென்னி என்பதற்குப் பக்கத்தில் வரும் என்று பெனடிக்ட் என எழுதிவிட்டேன். அவர் மறுத்துப் பேசவில்லை. சாமியிடம் எப்படிப் பேசுவது! தலை குனிந்து போனார். திருச்சபைச் சட்டம் 855 கேட்பது, கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பெயர் கூடாது என்பதை மட்டுமே. தாகத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரின் பெயர் எந்த விதத்தில் புறம்பானது? நான் சட்டத்தையும் சரியாகப் படிக்கவில்லை. அந்த மனிதர் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

24 ஆண்டுகள் கழித்து நான் இதே பங்குக்குப் பங்குத்தந்தையாகத் திரும்பி வந்தேன். ஓர் இளைஞர் திருமண ஓலைக்காகச் சான்றிதழ் கேட்டு வந்தார். பள்ளிச் சான்றிதழில் பென்னிகுவிக். குடும்ப அட்டையில் பென்னிகுயிக். நம் பதிவேட்டில் பெனடிக்ட். மூன்றும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க அவர் இரண்டு மாதம் அலைந்தார். அலைய வைத்த கையெழுத்து என்னுடையது. ஆயர் இல்லத்தின் அனுமதி பெற்று அந்த ஓரத்துத் திருத்தத்தை நானே எழுதினேன். எழுதி முடித்ததும் அவருடைய தகப்பனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "வீட்டுல ஒரு நாளும் பெனடிக்ட்னு கூப்பிட்டதில்லைங்க சாமி" என்றார்.

பிரியமானவர்களே, ஒரு பெயரைக் காதால் கேட்டு எழுதிய கணக்கர்கள் அதை ஐந்தாறு விதமாக எழுதினார்கள், ஆனாலும் கேட்டார்கள். ஆகவே குக்கூவின் கூவல் அதற்குள் இன்னும் இருக்கிறது. கேளாமல் எழுதினவன் நான் ஒருவனே. பிழைப்புக்காகத் திருப்பூர், சென்னை, துபாய் என்று போயிருக்கும் நம் பிள்ளைகளே, ஊரைவிட்டுப் போனவனுக்குத்தான் ஊர்ப் பெயர் ஒட்டும் என்றேனே, அதை நினைவில் வையுங்கள். போகுமுன் அந்த மேசைக்குச் சென்று உங்கள் வீட்டுப் பெயர்களை வாசித்துப் பாருங்கள். தவறு இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், சிவப்பு மை இன்னும் மீதி இருக்கிறது.

அந்த இளைஞருக்குச் சென்ற மாதம் ஆண் குழந்தை பிறந்தது. வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். பிள்ளைக்கு என்ன பெயரிட்டாலும் தலையெழுத்து 'பெ' தான். எங்கோ ஸ்காட்லாந்தில் ஒரு குன்று, இங்கே ஒரு குழந்தைக்குத் தலையெழுத்தாகிறது. இம்முறை கவனமாகக் கேட்டு எழுதுவேன்.