பதில் எங்க போய் ஒளியுது?

மண்ணூர்ல உதிரி பாகம் செய்யற ஒரு சின்ன கம்பெனி. ஸ்டாக் கணக்குக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் போட்டிருக்காங்க. மும்பை ஃப்ராப்பே உருவாக்கின ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நைட் ஷிஃப்ட்ல ஒரு எரர், எனக்கு போன் வந்துச்சு. டெலிகிராம் குரூப்ல கேட்டேன். "போன மாசமே சொல்லியாச்சு, மேல பாருங்க"ன்னாங்க. எவ்வளவு மேல? பதில் இருந்துச்சு, கைக்கு வரல.

அதே எரரை கூகுள்ல போட்டேன். ஃப்ராப்பேயோட டிஸ்கோர்ஸ் ஃபோரம்ல யாரோ கேட்டு, பதிலும் வாங்கியிருந்தார். வேலை முடிஞ்சுது.

அதனால உங்க புராஜெக்ட்டுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது முதல் கேள்வி இதுதான்: அடுத்த ஆள் லாகின் இல்லாம பதிலைத் தேடி எடுக்க முடியுமா?

2013-ல வந்த டிஸ்கோர்ஸும் ஓப்பன் சோர்ஸ்தான். தலைப்பு டைப் பண்றப்பவே அதே மாதிரி பழைய கேள்விகளைக் காட்டும். ஆனா நீங்களே நிறுவினா சர்வர், பேக்அப், ஸ்பாம் எல்லாம் உங்க தலையில. பார்த்துக்க ஆள் இல்லையா? கிட்ஹப் டிஸ்கஷன்ஸ் போதும். ஆனா கேள்வி கேட்க அக்கவுன்ட் வேணும். ஸ்டோர்ஸ்ல உட்கார்ந்திருக்கிற அண்ணன்கிட்ட அது இருக்காது.

அரட்டைக்கு டெலிகிராம் இருக்கட்டும். தீர்வை மட்டும் பொதுவுல எழுதி வைங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னொருத்தர் தேடுவார்.