எல்லை கடந்த தொலைபேசி

வாளையாற்றிலும் கோபாலபுரத்திலும், போடிமெட்டிலும் குமுளியிலும் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. தொலைத்தொடர்புத் துறையும் இவ்விரு மாநிலங்களையும் தனித்தனி வட்டங்களாகவே வகுத்துள்ளது. ஆயினும் வானலைக்கு எல்லைக்கல் தெரிவதில்லை. கைப்பேசி அண்டை மாநிலக் கோபுரத்தைப் பற்றிக்கொண்டால், சொந்த ஊரில் இருந்தபடியே ‘ரோமிங்’ கட்டணம் செலுத்த நேர்ந்த காலம் ஒன்று இருந்தது.

அந்நிலை படிப்படியாக மாறிற்று. 2015 ஜூலை முதல், எண்ணை மாற்றாமலே வேறு வட்டத்துக்குப் பெயர இயன்றது. 2016-இல் ஜியோ நிறுவனம் உள்நாட்டு ரோமிங் கட்டணமின்றிச் சேவையைத் தொடங்கவே, 2017-இல் ஏனைய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. மூணாற்றுத் தோட்டத் தொழிலாளி தேனியிலுள்ள தாயாரோடு பேசுவதற்கு இன்று தனிக் கட்டணம் இல்லை.

இனி வருங்காலம் எவ்வாறிருக்கும்? போட்டியே கட்டணத்தைக் குறைத்தது. அப்போட்டியாளரோ இன்று பெரும்பாலும் நால்வராகச் சுருங்கிவிட்டனர். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. பேச்சு மட்டுமே வேண்டியவரும் இணையத்துக்குச் சேர்த்துப் பணம் கட்டலாயினர். இதனைக் கருதியே ‘டிராய்’ ஆணையம், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களையும் நிறுவனங்கள் வழங்கவேண்டுமென்று 2024 டிசம்பரில் விதித்தது.

வெளிமாநிலங்களில் வாழும் அன்பர்களே! அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, வீட்டிலுள்ள முதியோர் எத்திட்டத்துக்குப் பணம் கட்டுகின்றனர் என்று கேட்டறியுங்கள். அவர்கள் பயன்படுத்தாத இணையத்துக்கு மாதந்தோறும் செலவிட்டு வரக்கூடும்.