அணிப் படத்தில் இல்லாதவள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"விளையாட்டும் உடல்நலமும்" என்ற தலைப்பில் பேசும்படி சங்கச் செயலாளர் என்னைக் கேட்டார். வைத்தியர் வந்து முழங்கால் நோவையும் நீரிழிவையும் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன். எழுதி முடிக்க முதல், கண்காட்சியில் வைப்பதற்குச் சேர்த்த பழைய படங்களின் பிரதிகள் எனக்கு வந்தன. அவற்றில் ஒன்று 1995ஆம் ஆண்டு வலைப்பந்தாட்ட அணியின் படம். இடப்பெயர்வின்போது யாரோ ஒரு ஆசிரியர் தன் உடுப்புப் பையில் வைத்துக் காப்பாற்றிய படமாம். கிண்ணத்தைப் பிடித்தபடி நடுவில் நிற்பவள் நான். அந்த ஆண்டு அணித் தலைவி நான்தான். இன்று அந்தப் படத்தில் இல்லாத ஒருத்தியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

அவளுடைய அனுமதியோடுதான் பேசுகிறேன். "நடந்ததைச் சொல், என்ர பேரை மட்டும் சொல்லாதே" என்றாள்.

1995இன் தொடக்கத்தில் சமாதானப் பேச்சு நடந்த சில மாதங்கள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, சவர்க்காரம் கூட விலை. ஆனாலும் பின்னேரங்களில் பயப்படாமல் மைதானத்தில் நின்று விளையாடினோம். எங்கள் அணியின் கோல் டிபென்ஸ் அவள். அவள் கையை உயர்த்தினால் எதிரணி பந்தை எறியவே யோசிக்கும். அப்படி ஒருத்தியின் கொப்பிக்குள் இருந்து ஒரு நாள் ஒரு கடிதம் வெளியே விழுந்தது. அது இன்னொரு மாணவிக்கு எழுதப்பட்ட கடிதம். கெட்ட சொல் ஒன்றும் அதில் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை ஒருவருக்கு எழுதக்கூடிய அன்புக் கடிதம்தான். ஒரு கிழமைக்குள் பாடசாலை முழுவதும் தெரிந்துவிட்டது. உடை மாற்றும் அறையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவரும் வரவில்லை. "ஆம்பிளை" என்று பெயர் வைத்தார்கள்.

போட்டிக்கு முன்னர் அணியைத் தெரிவு செய்த நாளில், அவளை விட்டுவிடுவோமா என்று என்னிடமும் கேட்டார்கள். நான், "நீங்கள் நினைச்ச மாதிரிச் செய்யுங்கோ மிஸ்" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. முப்பது வருடமாக எனக்கு நானே சொன்ன சமாதானமும் அதுதான்: நான் ஒன்றும் தவறாகச் சொல்லவில்லை. அவள் இல்லாமலே வென்றோம், படம் எடுத்தோம்.

அந்த ஒக்ரோபரில் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். அவளுடைய குடும்பம் வன்னிக்குப் போய், பிறகு கனடாவுக்குப் போனது. சில வருடங்களுக்கு முன்னர் தொலைபேசியில் கதைத்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னது இது: "பட்டம் வைச்ச ஆக்களை நான் எப்பவோ மறந்திட்டன். நீ ஒரு சொல் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். அதுதான் மறக்கேல்லை."

அவளைப் போன்றவர்களைச் சமபால் ஈர்ப்புடையோர் என்கிறோம். இருபால் ஈர்ப்புடையோர், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரையும் சேர்த்து எல்.ஜி.பி.டி. என்ற எழுத்துகளால் குறிக்கிறார்கள். இவர்கள் மேலைநாட்டில் இருந்து வந்தவர்கள் அல்லர். இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் வீடுகளிலும் இருக்கிறார்கள். விளையாட்டில் இவர்கள் படும் பாட்டைப் பற்றி நான் வாசித்தவற்றில் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வருகிறது. பார்வையாளர் கூச்சலிடுவது நோகத்தான் செய்யும். ஆனால் ஆளை விழுத்துவதும் நிமிர்த்துவதும் பெரும்பாலும் மிக அருகில் நிற்பவர்தான். உடன்பிறந்தவர், பெற்றோர், அணித் தோழர் என்று அது யாராகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தில் ஜஸ்ரின் பஷானு என்றொரு உதைபந்தாட்ட வீரர் இருந்தார். 1981இல் நொற்றிங்ஹாம் பொரெஸ்ற் கழகம் அவரைப் பத்து இலட்சம் பவுணுக்கு வாங்கியது. அந்த விலைக்குப் போன முதற் கறுப்பின வீரர் அவர். 1990இல், தான் சமபால் ஈர்ப்புடையவர் என்று பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய தம்பி ஜோனும் பேர்பெற்ற உதைபந்தாட்ட வீரர். சிறுவயதில் பெற்றோரைப் பிரிந்து, வேறொரு குடும்பத்தில் ஒன்றாக வளர்ந்த சகோதரர்கள் இவர்கள். அந்தத் தம்பியே பத்திரிகையில் அண்ணனை விலக்கிப் பேசினார். 1998இல், 37 வயதில், ஜஸ்ரின் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குத் தம்பிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தற்கொலைக்கு ஒரே காரணம் இருப்பதில்லை என்று ஒரு வைத்தியராக எனக்குத் தெரியும். ஆனால் பின்னாளில் ஜோன் தான் பேசியதற்காக வருந்தினார். ஜோனின் மகள் அமல், தன் பெரியப்பாவின் கதையைத் தேடிப் போய், விளையாட்டில் இப்படியான பிள்ளைகளுக்காகக் குரல் கொடுத்து வருகிறார். குடும்பம் மூடிய கதவைத் திறக்க அடுத்த தலைமுறை வரவேண்டியிருந்தது.

இன்னொரு சகோதரர் சோடியும் உண்டு. ஜேசன் கொலின்ஸ், அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத்தில் பல ஆண்டுகள் விளையாடியவர். 2013 ஏப்ரலில் தன்னைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அந்நாட்டின் பெரிய அணி விளையாட்டுகளில், விளையாடிக்கொண்டிருக்கும் காலத்திலேயே அப்படிச் சொன்ன முதல் ஆண் வீரராக அவர் பேசப்பட்டார். அவர் முதலில் சொன்னது தன் அன்ரி ஒருவரிடம். அவர் ஒரு நீதிபதி. தனக்கு இது பல வருடங்களாகத் தெரியும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டாராம். ஜேசனோடு இரட்டையராகப் பிறந்த ஜரனுக்கோ அது பெரிய அதிர்ச்சி. ஒரே வயிற்றில் வளர்ந்தவருக்குக் கூடத் தெரிந்திருக்கவில்லை. ஆனாலும் அன்று இரவே அவர் தன் சகோதரனின் பக்கத்தில் நின்றுவிட்டார். எங்கள் வீடுகளிலும் பிள்ளைகள் முதலில் தாய் தகப்பனிடம் சொல்வதில்லை. ஒரு சித்தியிடமோ அம்மம்மாவிடமோதான் போவார்கள். இங்கே இருக்கும் சித்திமாரும் அம்மம்மாமாரும் இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

இனி எங்களுக்கு அருகில் உள்ள இந்தியா. ஒடிசாவில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் ஓட்டவீராங்கனை டூட்டி சந்த். இவருடைய கதையில் இரண்டு விடயங்கள் உண்டு. பலர் அவற்றைப் போட்டுக் குழப்புவதால் பிரித்துச் சொல்கிறேன். முதலாவது உடல் பற்றியது. அவருடைய உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஆண் ஓமோனின் அளவு கூடியது என்று சொல்லி, 2014இல் அவரைப் போட்டிகளில் இருந்து விலக்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். 2015இல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அந்த விதியையே இடைநிறுத்தியது. அவருக்கு முன், 2006 டோகா ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டைப் பெண் சாந்தி சௌந்தரராஜன், பால் பரிசோதனை ஒன்றின் பேரில் பதக்கத்தையும் இழந்தார், மானத்தையும் சந்தியில் விட்டார்கள். உடல் எப்படி அமைந்தது என்பது ஒன்று. மனம் யாரை விரும்புகிறது என்பது வேறு. ஒன்றைக் கொண்டு மற்றதைத் தீர்மானிக்க முடியாது.

இரண்டாவது, டூட்டியின் அன்பு பற்றியது. 2018 செப்ரெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சமபாலுறவைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்கியது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், தன் ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணோடு தனக்கு உறவு இருக்கிறது என்று டூட்டி அறிவித்தார். அவருடைய தமக்கையும் ஓட்டவீராங்கனை. அவரைப் பார்த்துத்தான் டூட்டி ஓடப் பழகினார். அந்தத் தமக்கையே எதிர்த்தார். தாயும் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கழித்து இத்தாலியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில், 100 மீற்றரை 11.32 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். பின்னர் ஊக்கமருந்து விதிமீறலுக்காக அவர் தடைசெய்யப்பட்டதும் உண்மைதான். அதையும் இதையும் முடிச்சுப் போடத் தேவையில்லை. ஓடக் கற்றுக்கொடுத்தவரே பக்கத்தில் இல்லாதபோது, அந்த வெற்றியைக் கொண்டு அவர் எந்த வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதான் நான் யோசிக்கிறேன்.

எங்கள் நாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. அதன் 365, 365அ ஆகிய பிரிவுகள் இவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கின்றன. முன்னர் 365அ ஆண்களைப் பற்றியே பேசியது. 1995இல் அதைத் திருத்தியபோது பெண்களும் அதற்குள் வந்தார்கள். நாங்கள் அந்தப் படத்துக்கு நின்ற அதே ஆண்டு. இந்தப் பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது சட்டமாகவில்லை. ஆகவே எங்கள் பிள்ளை ஒன்று வாய்திறந்து சொல்லும்போது, ஊரின் பேச்சோடு சேர்த்துச் சட்டத்துக்கும் பயந்துகொண்டுதான் சொல்கிறது.

வைத்தியராக நான் சொல்ல வேண்டியவை சில. சமபால் ஈர்ப்பு நோய் அல்ல. உலக சுகாதார அமைப்பு 1990 மே 17ஆம் திகதி அதை நோய்ப் பட்டியலில் இருந்து நீக்கியது. நோய் இல்லை என்றால் மருந்தும் இல்லை. மாற்றித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அவரிடம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள். அந்த "வைத்தியம்" தான் பிள்ளையை நோயாளியாக்கும். கலியாணம் செய்து வைத்தால் சரிவரும் என்று நினைத்து இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள். விளையாட்டை நிறுத்தாதீர்கள். தனித்துப்போன பிள்ளைக்கு ஓட்டமும் பந்தும் அணியும் பெரிய ஆறுதல். அதைப் பறிப்பது காய்ச்சல்காரப் பிள்ளையின் போர்வையை உருவுவது போன்றது. நித்திரையின்மை, சாப்பாட்டில் வெறுப்பு, சாவைப் பற்றிய பேச்சு என்பன தெரிந்தால் உடனே நல்ல வைத்தியர் ஒருவரிடம் கூட்டிவாருங்கள்.

பயிற்றுநர்களான ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டப்பெயரை முதல் நாளே நிறுத்துங்கள். உடை மாற்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் மறைவான இடம் கொடுங்கள். ஒரு பிள்ளை உங்களை நம்பிச் சொன்னதை அந்தப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் வீட்டுக்கும் சொல்லாதீர்கள். எந்த வீட்டில் அடி காத்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. அணியை ஆட்டத்தைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

பெற்றோரே, உடனே எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சமயமும் சமூகமும் சொல்லித் தந்தவற்றை ஒரு இரவில் தள்ளிவைக்க யாராலும் முடியாது. விளங்கும் வரைக்கும் பிள்ளைக்குச் சோறு போட்டு, வழமைபோலக் கதைத்துக்கொண்டிருங்கள். அதுவே போதும்.

என் தோழியின் தகப்பனார் அப்படித்தான் செய்தார். அணியில் இருந்து நிறுத்தப்பட்டபோது வீட்டில் அவளின் விளையாட்டையே நிறுத்தினார்கள். ரொறன்ரோவில், முப்பது வயதுக்குப் பிறகு, வீட்டில் உண்மையைச் சொன்னாள். தாய் அழுதார். தகப்பன் இரண்டு வருடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் பனிக்காலத்தில் காரில் பனியைத் துடைத்துவிடுவதை அவர் நிறுத்தவில்லையாம். அவள் அங்கே சிறுபிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறாள். ஒரு சனிக்கிழமை அவர் தேத்தண்ணிப் போத்தலோடு வந்து கடைசி வாங்கில் இருந்தார். பயிற்சி முடிய, அவளோடு வாழும் பெண்ணைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அவவையும் வீட்ட சாப்பிடக் கூட்டிக்கொண்டு வா" என்றார். இதைச் சொல்லும்போது தொலைபேசியில் அவள் அழுதாள். நானும்தான்.

அந்தச் சொல்லைப் பதினாறு வயதில், இந்த மைதானத்தில், நான் சொல்லியிருக்கலாம். "அவள் இல்லாமல் நாங்கள் விளையாடமாட்டம் மிஸ்" என்று ஐந்து சொற்கள் போதுமாயிருந்தன. எனக்கு அன்று அறிவு போதவில்லை என்பதைவிடத் துணிவு போதவில்லை என்பதே உண்மை.

இன்றைய அணித் தலைவி முன்வரிசையில் இருக்கிறாய் என்று சொன்னார்கள். தங்கச்சி, ஒருநாள் உன்னிடமும் கேட்பார்கள். அப்போது என்னைப் போல வாய்மூடி நிற்காதே.

கண்காட்சிக் குழுவிடம் கேட்டு, அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம். "அணியில் இருந்திருக்க வேண்டிய ஒருவர் இப்படத்தில் இல்லை" என்று. பெயர் இல்லை. அவள் விரும்பும் நாளில் வந்து தானே எழுதட்டும். அடுத்த ஆடியில் ஊருக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள், தனியாக அல்ல. அவர்கள் இருவரையும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருக்கிறேன். பாடசாலைக்கும் கூட்டிவர ஆசை. வாசலில் நின்று வரவேற்க நீங்களும் வருவீர்கள் என்று நம்புகிறேன்.