ஒலிபரப்புக் கோபுரமும் கிராமப் பஞ்சாயத்தும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில், ஓய்வு பெற்ற ஒலிபரப்புப் பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரை)



வானொலி என்றவுடன் பாடுவோரும் பேசுவோருமே நம் நினைவுக்கு வருகின்றனர். அக்குரலை உங்கள் வீட்டுத் திண்ணைவரை கொண்டு சேர்க்கும் பொறியாளரை எவரும் கண்டதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் அப்பணியில் கழித்த எங்களுக்கு அது ஒரு குறையன்று. ஒலி நின்றால்தான் பொறியாளரின் நினைவு பிறருக்கு வரும். ஆதலின் எவரும் எங்களை நினையாத நாளே நல்ல நாள்.

இப்பணி நம் நாட்டில் எளிதில் வேரூன்றியதன்று. சென்னையில் 1924 ஆம் ஆண்டில் கிருஷ்ணசுவாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றிய வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927 இல் அது நின்றது. 1930 முதல் சென்னை நகராண்மைக் கழகம் அப்பொறுப்பை ஏற்று நடத்திற்று. பின்னர் அகில இந்திய வானொலி நிலையம் சென்னையில் 1938 ஆம் ஆண்டிலும், திருச்சிராப்பள்ளியில் 1939 ஆம் ஆண்டிலும் அமைந்தது.

ஒலிபரப்புக்கும் மண்ணுக்கும் உள்ள உறவை உழவராகிய நீங்கள் எளிதில் உணர்வீர்கள். எடுத்துக்காட்டாக, 936 கிலோஹெர்ட்சு மத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 320 மீட்டர். அதில் கால் பங்காகிய 80 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் எழுப்புவது வழக்கம். கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் அடியில் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் மண்ணுக்குள் பரப்பிய செப்புக் கம்பிகள் தெரிவதில்லை. முறைப்படி அமைத்தால் அவை நூற்றிருபது வரை இருக்கும். ஈரமுள்ள நன்செய் மண்ணில் பகல் அலை நெடுந்தூரம் செல்லும். வறண்ட பாறை நிலத்தில் விரைவில் தேயும். நல்ல நிலம் தேடுவதில் உழவருக்கும் எங்களுக்கும் வேறுபாடில்லை.

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் கூறுகிறோம். கடலோர நிலையம் ஒன்றில் பணியாற்றிய நாளில், ஒரு மாலை பெருங்காற்றில் மின்சாரம் நின்றது. டீசல் யந்திரத்தை இயக்கச் சென்றோம். தொட்டியில் எண்ணெய் இல்லை. காலையில் பார்த்திருக்க வேண்டியவர்கள் நாங்களே. எண்ணெய் கொண்டுவந்து ஒலிபரப்பைத் தொடங்குவதற்குள் வானிலை அறிக்கை நேரம் கடந்துவிட்டது. மறுநாள் மீனவப் பெரியவர் ஒருவர் வாயிலில் வந்து நின்று, "நேற்று உங்கள் குரல் நின்றுவிட்டதே ஐயா, கடலுக்குப் போகலாமா கூடாதா என்று நாங்கள் யாரைக் கேட்பது?" என்றார். நல்வினையாக எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆயினும் அன்று முதல், வேலைக்கு வந்தவுடன் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்த பின்னரே கையெழுத்திடுவது எங்கள் வழக்கமாயிற்று.

எங்கள் பக்கத்துக் கடமை இவ்வாறிருக்க, உங்கள் பக்கத்திலும் ஒரு பாதி உண்டு. கோபுரத்திலிருந்து புறப்பட்ட குரல் ஊரில் கேட்கப்படாவிடில் பயன் என்ன? முற்காலத்தில் பல பஞ்சாயத்துகள் பொது இடத்தில் வானொலிப் பெட்டி வைத்து, மாலையில் மக்கள் கூடிக் கேட்க வகை செய்தன. 1960களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைத் தஞ்சை உழவர்கள் வானொலி வாயிலாக அறிந்து பயிரிட்டனர். அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டனர். அந்தப் பொதுப் பெட்டிகள் பழுதுற்றபோது, பெரும்பாலும் காரணம் மிகச் சிறியதாகவே இருந்தது: அறுந்த கம்பி, தீர்ந்த பாட்டரி, பொறுப்பாளர் இன்மை.

இன்று கைபேசி இருக்க வானொலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகை மாவட்டக் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் பல்லாயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரமின்றிக் கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. அத்தகைய வேளையில், தொலைவிலுள்ள நிலையத்தின் குரலைச் சிறு பாட்டரிப் பெட்டி பிடித்துத் தரும். மேலும், சிறு பகுதிக்கென்றே இயங்கும் சமுதாய வானொலிகளும் தோன்றியுள்ளன. பாம்பனில் மீனவர்க்கென 2016 இல் தொடங்கப்பட்ட 'கடல் ஓசை' அவற்றுள் ஒன்று.

ஆதலின் மூன்று செயல்களை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு பஞ்சாயத்து அலுவலகத்திலும் பாட்டரியால் இயங்கும் பெட்டி ஒன்று இருத்தல் வேண்டும். அதன் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். பயன்படுத்தாத நாளில் பாட்டரிகளைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து பெட்டியைக் கெடுக்கும். மழைக்காலத்துக்கு முன் புதியவை வாங்கி, ஒருமுறை இயக்கிப் பாருங்கள். உங்கள் பகுதியில் கேட்கும் நிலையங்களின் அலை எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இரண்டாவது, மத்திய அலை தெளிவாகக் கேட்கவில்லையெனில் பெட்டியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். உள்ளிருக்கும் ஏரியல் திசைக்கேற்ப அலையைப் பிடிக்கும். அருகிலுள்ள எல்.இ.டி. விளக்கும் கைபேசிச் சார்ஜரும் இரைச்சல் தரக்கூடும். அவற்றை அணைத்துப் பாருங்கள். பண்பலைக்கு வெளி ஏரியலை முழுதும் நீட்டுங்கள்.

மூன்றாவது, அப்போதும் கேட்கவில்லையெனில் நிலையத்துக்கு எழுதுங்கள். எங்கள் கருவிகள் கோபுரத்தின் வலிமையைக் காட்டும். உங்கள் ஊரில் என்ன கேட்கிறது என்பதை நீங்கள்தாம் கூற இயலும்.

ஊரின் எண்ணெய்த் தொட்டியைக் காலையிலேயே பார்த்து வைப்பது பஞ்சாயத்தின் கடமை. அதனைச் செய்வீர்கள் என்ற நம்பிக்கையுடன் விடைபெறுகிறோம்.